ஒன்பது வயதாகாத கை

நான் பத்தாவது வரைதான் படித்தவன். எலும்பைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் சின்னப் பிள்ளைகளின் முழங்கையைப் பற்றி மட்டும் கொஞ்சம் தெரியும். அது ஆசைப்பட்டுத் தெரிந்துகொண்டது இல்லை. என் பிள்ளைகளான நீங்கள் இரண்டு பேரும், உங்களோடு மாடிப்படியில் உட்கார்ந்து செல்போன் பார்க்கும் மற்ற பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் வயசுக்காரர்கள் யாராவது படித்தால் அவர்களுக்குப் பாதி விஷயம் முன்பே புரிந்துவிடும். எங்களில் பலருக்கு இரண்டு வயது உண்டு. வீட்டு வயது ஒன்று, பள்ளிக்கூட வயது ஒன்று.

உங்களுக்கு அப்படியில்லை. நீங்கள் பிறந்த நிமிஷம்வரை ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் ஓட்டு வீட்டில் பிறந்தவன். அம்மா குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கையுறை தைக்கப் போவாள். அப்பாவுக்குத் தாம்பரத்தில் ரயில் பெட்டி கழுவுகிற வேலை. என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் போட்டுவிட்டால் மதியம் சோறும் போட்டு சாயங்காலம்வரை வைத்துக்கொள்வார்கள். ஐந்து வயது ஆகியிருந்தால்தான் சேர்ப்பார்கள். எனக்கு அப்போதுதான் நாலு.

"அஞ்சுன்னே சொல்லிடேன்" என்றாள் அம்மா.

"அஞ்சுன்னா நிக்க வெச்சு அளந்து பாப்பாங்க. ஆறுன்னு சொன்னா, புள்ள ஒல்லியாக் கீறான்னு வுட்டுடுவாங்க" என்றார் அப்பா.

அப்பாவின் கணக்கு அதுதான். அது பலித்தும் விட்டது. பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துக் கூட்டிப் போகும்போது வழியெல்லாம் எனக்குப் பாடம் நடக்கும்.

"வயசு இன்னா?"

"நாலு."

தலையில் ஒரு குட்டு விழும்.

"வயசு இன்னா?"

"ஆறு."

"ஆங். போலீஸு கேட்டாலும் அதான், சாமி கேட்டாலும் அதான்."

அப்புறம் வருஷம் ஏற ஏற அதுவும் ஏறியது. எனக்கு ஏழு முடியாதபோது ஊருக்கு எனக்கு ஒன்பது. அம்மாவைத் தவிர வேறு யாருக்கும் என் உண்மையான வயது ஞாபகத்தில் இல்லை. அப்பாவே மறந்துவிட்டாரோ என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். ஒரு பொய்யைத் தினமும் சொன்னால் சொல்கிறவருக்கு அது பொய்யாகத் தெரிவதில்லை.

அது மார்கழி மாதம், அரைப்பரீட்சை லீவு. ஏரி தளும்பி நின்றது. ஆகாயத்தாமரை அழுகின வாசனையும் ஈரச் சிமெண்டு வாசனையும் சேர்ந்து அடிக்கும். ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் மனை போட்டு விற்க ஆரம்பித்த காலம். வீடு கட்ட வந்தவர்கள் முதலில் கிணறு தோண்டினார்கள். கிணற்றில் இறக்குகிற சிமெண்டு உறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள். நாங்கள் அதன் மேல் ஏறி நின்று, உள்ளே குனிந்து கத்துவோம். கத்தினால் குரல் பெரிய ஆளின் குரலாகத் திரும்பி வரும். அதற்காகத்தான் ஏறுவோம்.

மேல் உறை ஆடியது. நான் வலது கையை ஊன்றி விழுந்தேன்.

சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து நின்றேன். எதிர்வீட்டுப் பையன், என் கூட்டாளி, என்னைப் பார்த்து இரண்டு அடி பின்னால் போனான்.

"டேய், உன் கை பின்னாடி பாக்குதுடா" என்றான்.

குனிந்து பார்த்தேன். முழங்கையின் எலும்பு பின்பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. அப்புறம்தான் வலி வந்தது. 

எங்கள் பக்கத்தில் கை கால் பிசகினால் ஆஸ்பத்திரிக்குப் போகிற பழக்கம் இல்லை. கட்டுப் போடுகிறவரிடம்தான் போவார்கள். முடிச்சூர் போகிற பாதையில் ஒருவர் இருந்தார். கீற்றுக் கொட்டகை, பெஞ்சு, எண்ணெய்ச் சிக்கு ஏறிய பாய். அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என் தலையைத் தடவிக்கொடுத்து, "எம்ஜியாரா சிவாஜியா, ஆரு ஒனக்குப் புடிக்கும்?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் கையை இழுத்துவிட்டார். உள்ளே ஏதோ மடக்கென்று போய் உட்கார்ந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கொட்டகையில் இருந்த ஆடு கத்தியது.

"அவ்ளோதான். மூட்டு வூட்டுக்கு வந்துடுச்சு" என்றார்.

உண்மைதான். மூட்டு வந்துவிட்டது. பின்னால் துருத்தியிருந்த எலும்பு மறைந்துபோனது. முட்டை வெள்ளையும் உளுத்தமாவும் குழைத்துப் பூசி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். அப்பா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். வீட்டுக்கு வரும்போது எனக்குப் பன் வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் அந்த மூட்டு தன் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது தன்னோடு ஒரு எலும்புத் துண்டையும் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

பொங்கல் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். கை பாதி மடங்கின நிலையில் நின்றது. நீட்டினால் நீளவில்லை. மடக்கினால் மடங்கவில்லை. உள்ளே கதவிடுக்கில் கல் மாட்டின மாதிரி ஒரு இடத்தில் நின்றுவிடும்.

"கட்டுல இருந்த கை அப்பிடித்தான் இருக்கும். எண்ணெ போட்டு உருவினா வந்துடும்" என்றார் கட்டுக்காரர்.

உருவினார்கள். வரவில்லை. அம்மா பிடிவாதமாக நின்று என்னை எக்ஸ்ரே எடுக்கிற டாக்டரிடம் கூட்டிப்போக வைத்தாள்.

அந்த அறையை எனக்கு இப்போதும் வரைந்து காட்ட முடியும். சில்லென்ற மேஜை மேல் கையை வைக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கறுப்பு பிலிமைக் கையில் பிடித்துக்கொண்டு டாக்டர் வந்தார். தண்ணீர் சொட்டியது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். என் கைக்குள் இருந்ததை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். புகை மாதிரி இருந்தது. மூட்டின் நடுவில், இரண்டு எலும்புக்கும் இடையில், வேர்க்கடலைப் பருப்பு அளவுக்கு வெள்ளையாக ஒன்று தனியே நின்றது.

டாக்டரும் அதையே பார்த்தார். அவர் விரல் அங்கேதான் போனது.

"பையனுக்கு என்ன வயசு?"

"ஒம்பது சார்" என்றார் அப்பா.

டாக்டர் தலையை ஆட்டினார். "அப்ப சரி. சின்னப் பசங்க முழங்கை முழுசா எலும்பா இருக்காது. பாதி குருத்தெலும்பு, அது எக்ஸ்ரேல தெரியாது. வளர வளர ஒவ்வொரு துண்டா தெரிய ஆரம்பிக்கும். அது முறிவுன்னு நினைச்சுப் பயப்படக் கூடாது. ஒன்பது வயசுன்னா இந்த இடத்துல இந்தத் துண்டு வர வேண்டியதுதான்."

அப்போது அம்மா வாயைத் திறந்தாள். நான் பார்த்தேன். அப்பா அவள் பக்கம் திரும்பினார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை, சும்மா திரும்பிப் பார்த்தார். அம்மா வாயை மூடிக்கொண்டாள். பள்ளிக்கூடத்து விஷயத்தை டாக்டரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இரண்டு பேரும் நினைத்திருப்பார்கள். வயதுக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? அந்த டாக்டர் சொன்னதே அவர்கள் காதில் பாதிதான் விழுந்திருக்கும். 'முறிவு இல்லை' என்பது மட்டும் நன்றாக விழுந்தது.

"பயந்துகிட்டு வெச்சிருக்கான். கைய உபயோகிக்க வைங்க" என்று சொல்லி டாக்டர் எங்களை அனுப்பினார்.

வெளியே வந்ததும் அப்பா, "கேட்டியா? ஒண்ணும் இல்ல. இஸ்கூலுக்குப் போவாம இருக்க நடிக்கிறான்" என்றார்.

அதற்கு அப்புறம் வந்த மாதங்களைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

தினமும் காலையில் அரை வாளித் தண்ணீரை வலது கையில் தூக்கிக்கொண்டு குழாயடியிலிருந்து வீடுவரை நடக்க வேண்டும். எடைக்குக் கை நீளும் என்று கட்டுக்காரர் சொல்லியிருந்தார். நீளவில்லை. அப்பா வாளியை நிரப்பினார். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் என்னைத் தரையில் உட்கார வைத்து, மேல்கையைத் தன் முழங்காலால் அழுத்திக்கொண்டு, மணிக்கட்டைப் பிடித்துக் கீழே தள்ளுவார். நான் கத்துவேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "வுட்டுக் குடுடா. கைய வுட்டுக் குடு, கண்ணு" என்பார். கண்ணு என்று சொல்லிக்கொண்டேதான் தள்ளுவார். இன்றைக்கு நினைத்தால் அந்தச் சொல்தான் தாங்க முடியவில்லை. அவர் என்னை அடித்திருந்தால் வெறுத்துத் தொலைத்திருப்பேன்.

பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "யண்ணே, கொயந்தய சாவடிச்சுடாதண்ணே" என்று கத்துவாள்.

"டாக்டரு சொல்லித்தாம்மா பண்றேன்! படத்துல பாத்துட்டாரு, ஒண்ணும் இல்லியாம்!" என்று அப்பா பதிலுக்குக் கத்துவார்.

பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு வரிசையில் தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் வலது கை வாய்வரை வராது. பாதியில் நின்றுவிடும். இடது கையால் எடுத்துச் சாப்பிட்டேன். உங்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது. எனக்கு அது உயிர் போகிற விஷயம்.

"டேய் பாருடா, பீச்சாங்கையால துன்றான்!"

"கிட்டப் போவாதடா, நாறும்!"

அந்த வரிசையில் நான் கடைசிக்குப் போனேன். அப்புறம் சாப்பிடுவதையே விட்டுவிட்டேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வருவேன். அம்மா கம்பெனியிலிருந்து வந்து, தோல் பதப்படுத்துகிற மருந்தின் வாசனை போகாத கையால் எனக்கு ஊட்டுவாள். என் பள்ளிக்கூட வயதுப் பையனுக்கு யாரும் ஊட்டிவிடக் கூடாது. அவள் கதவைச் சாத்திவிட்டுத்தான் ஊட்டுவாள்.

ஒருநாள் என்னைக் குன்றத்தூர் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டின படியெல்லாம் ஏறி, சன்னதிக்கு முன்னால் நிறுத்தி, "ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி முருகான்னு சொல்லு" என்றாள். தூக்கினேன். இடது கை மேலே போனது. வலது கை நெற்றிக்குப் பக்கத்தில் மடங்கி நின்றது. உள்ளங்கைகள் சேரவில்லை. பின்னால் நின்ற ஒரு அம்மா, "சாமிகிட்ட ஒழுங்கா கும்புடு, தம்பி" என்று அதட்டினாள். அம்மா குனிந்து தன் ஒரு உள்ளங்கையை என் வலது கையோடு ஒட்டிவைத்தாள். அப்படியே நின்றோம்.

பங்குனி வெயில் ஆரம்பித்தபோது சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் தள்ளுவார்கள் என்று பயம். ஒரு சாயங்காலம் அம்மா மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னா தீயுது?"

சட்டியைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். அப்புறம் என் கையைப் பார்த்தாள். சுண்டுவிரல் ஸ்டவ்வின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. தோல் வெந்திருந்தது. நான் அதுவரை பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

அம்மா அழவில்லை. விரலைத் தண்ணீரில் முக்கினாள், ஸ்டவ்வை அணைத்தாள். அப்பா வந்ததும், "நாளைக்குப் பெரியாஸ்பத்திரி. நீ வந்தா வா, வராட்டி போ" என்றாள். அம்மா அப்பாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அப்பா என் விரலைப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். சட்டையைக் கழற்றாமலே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மின்சார ரயிலில் பட்டணம் போனோம். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி. வரிசையில் நின்று நின்று, மத்தியானத்துக்கு மேல் எலும்பு டாக்டர் முன்னால் போனோம். கொஞ்சம் வயசானவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். பழைய பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். சுண்டுவிரலைக் கிள்ளிப் பார்த்தார். நான் அவர் கிள்ளுவதை வேடிக்கை பார்த்தேன்.

"வயசு?"

"ஒம்பது சார்" என்றார் அப்பா.

டாக்டர் மறுபடியும் பிலிமைப் பார்த்தார். "ரெண்டு கையையும் எடுத்துட்டு வாங்க" என்றார்.

"நல்ல கை எதுக்கு சார்?"

"கெட்ட கை என்ன சொல்லுதுன்னு நல்ல கையக் கேட்டாத்தான் தெரியும். ஓடுங்க."

இரண்டு கையையும் படம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தோம். பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். இடது முழங்கையின் உள்பக்க மேட்டில் ஒரு சின்ன வெள்ளைத் துண்டு இருந்தது. மூட்டுக்கு நடுவில் ஒன்றுமே இல்லை. வலது முழங்கையில் அது தலைகீழ். மேடு காலி. நடுவில் துண்டு.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "வாயைத் திறடா, தம்பி."

திறந்தேன். மேல் முன்பல் இரண்டும் விழுந்து, ஒன்று மட்டும் அரிசி முனை அளவுக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் அப்பாவைப் பார்த்தார். "இந்தக் கைக்கு ஒன்பது வயசு இல்லையே. இந்தப் பல்லுக்கும் இல்ல. இவனுக்கு உண்மையில என்ன வயசு?"

அப்பா அம்மா பக்கம் திரும்பினார்.

"ஏழு, சார்" என்றாள் அம்மா. "ஏழுகூட முடியல. வர்ற ஆனிக்குத்தான் முடியுது. இஸ்கூலுக்காகச் சொன்னது."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பிலிமில் விரலை வைத்து மெதுவாகச் சொன்னார். "பாருங்க. முழங்கை எலும்பெல்லாம் ஒரே நாள்ல தெரியாது. பல்லு மாதிரி, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வரும். இந்த மேட்டுல இருக்கறது முன்னால வரும். நடுவுல வர வேண்டியது அதுக்கப்புறம், எட்டு ஒன்பது வயசுலதான் வரும். இவனுக்கு நடுவுல வர வேண்டிய காலமே ஆகல. அப்ப இந்தத் துண்டு எங்கேந்து வந்தது? மேட்டுலேந்து பிஞ்சு, மூட்டைத் திருப்பிப் போட்டப்ப உள்ள மாட்டிக்கிச்சு. பக்கத்துல ஓடுற நரம்பும் நசுங்கியிருக்கு."

"அப்ப... நான் தள்ளினது?" என்றார் அப்பா.

டாக்டர் விளக்குப் பெட்டியை அணைத்தார்.

பிள்ளைகளா, முதலில் பார்த்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார். நல்ல கையையும் ஒரு படம் எடுத்துப் பார்த்திருக்கலாம், அவ்வளவுதான். ஒன்பது வயதுக் கையாக அவர் அதைப் படித்தார், அது ஒன்பது வயதுக் கையாகத் தெரிந்தது. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன். டாக்டர் வயது கேட்டால் வீட்டு வயதைச் சொல்லுங்கள். மாதத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கே விழுந்தேன், யார் இழுத்தார், எது மரத்துப்போயிற்று, எல்லாவற்றையும் சொல்லுங்கள். படம் தானாகப் பேசாது.

ஆபரேஷன் அன்று காலையில் என்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் கூடவே வந்தார்கள். ஆபரேஷன் அறைக் கதவுக்கு முன்னால் ஒரு நர்ஸ் குனிந்து, "உன் வயசு என்னடா, ராஜா?" என்று கேட்டார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். "ஒம்பது" என்றேன்.

அப்பா வண்டியின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்திவிட்டார். "இல்ல சிஸ்டர்! ஆறு! ஆறு முடிஞ்சு பத்தாவது மாசம்! அவனுக்கு ஒண்ணும் தெரியாது, நான் சொல்லிக் குடுத்தது. ஆறுதான் சிஸ்டர், எயுதிக்கோ!" வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கதவு மூடின பிறகும் அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

துண்டை எடுத்து அதன் இடத்தில் கம்பி வைத்துப் பொருத்தினார்கள். நரம்பை விடுவித்தார்கள். "முதல் வாரத்துலயே வந்திருந்தா முழுக் கையும் கிடைச்சிருக்கும்" என்றார் டாக்டர். "இப்ப முழுசா நீளாது. முழுசா மடங்கவும் செய்யாது. விரல்ல உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமா வரலாம்." சுண்டுவிரலில் பாதிதான் வந்தது. மழைக்காலத்தில் அதுவும் போய்விடும். அந்தப் பிலிம்கள் எல்லாம் பரணில் இருந்தன. ஒரு வெள்ளத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் வீணாகிவிட்டன.

கட்டையும் கம்பியையும் எடுத்த பிறகு ஒருநாள், அம்மா எனக்குத் தனித் தட்டில் சோறு போட்டு வைத்தாள். அப்பா எதிரே தன் தட்டோடு உட்கார்ந்தார். அவர் சாப்பிடவில்லை. நான் வலது கையால் சோற்றைப் பிசைந்தேன். எடுத்தேன். கை ஏறியது. முன்பு நின்ற இடத்தைத் தாண்டியும் ஏறியது. வாய்க்குக் கீழே, கொஞ்ச தூரத்தில், நின்றுவிட்டது.

"எட்டுதாடா?" என்றார் அப்பா.

நான் கழுத்தைத் தாழ்த்தி சோற்றை வாயில் வாங்கிக்கொண்டேன்.

"எட்டுதுப்பா" என்றேன்.

கல்யாண வீடுகளில் 'அப்பா இலையைக் கும்பிட்டுச் சாப்பிடுகிறார்' என்று நீங்கள் என்னைக் கேலி செய்வீர்களே, அது அன்றைக்கு ஆரம்பித்தது. நான் குனிந்ததை என் அப்பா பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அப்புறம் அவரும் என்னைப் போலவே கழுத்தைத் தாழ்த்தி சாப்பிட ஆரம்பித்தார். கடைசிவரை அவர் அப்படித்தான் சாப்பிட்டார். அவருக்குக் கை நன்றாகத்தான் இருந்தது.